நின்ற காரில் ஓடும் எஞ்சின்: அமெரிக்க ரோந்து கார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபிக் கடை வாசலில் ஒரு போலீஸ் கார் நிற்கிறது. உள்ளே ஆளில்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வசிக்கிறவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 'நம் வரிப்பணம் புகையாகப் போகிறதே' என்ற எரிச்சலும் நியாயமானதுதான். சில சமயம் அதற்கு வலுவான காரணம் இருக்கிறது, சில சமயம் வெறும் பழக்கம். எது எது என்று பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள் கீழே.

ஒரே வரியில் சொன்னால், காரணம் என்ன?

பேட்டரி. ரோந்து கார் என்பது சக்கரம் வைத்த அலுவலகம். அந்த அலுவலகத்துக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சினை அணைத்தால் அலுவலகம் முழுவதும் ஒற்றை 12 வோல்ட் பேட்டரியின் தலையில் ஏறிவிடும். ஏசி, நாய், மருந்து, அவசரம் என்று மற்ற காரணங்களும் உண்டு. ஆனால் முதல் காரணம் இதுதான்.

சாதாரணக் காரில் இல்லாத அளவுக்கு அப்படி என்ன மின்சாரம் செலவாகிறது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். மடிக்கணினியும் அதன் தாங்கியும் 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். செல்லுலார் மோடம் 1, முன் கேமராவும் பின்சீட் கேமராவும் பதிவுப் பெட்டியும் சேர்ந்து 2, வேகம் அளக்கும் ரேடார் 1, ரேடியோ சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது 1. இதே ரேடியோவில் பேசுவதற்குப் பட்டனை அழுத்தினால், 50 வாட் கருவியானால் 10 ஆம்பியருக்கு மேல் தாவும். கூரையில் உள்ள எல்இடி விளக்குப் பட்டையும் கிரில், பின்கண்ணாடி விளக்குகளும் எரிந்தால் இன்னொரு 10 முதல் 15. ஆக, விபத்து இடத்தில் விளக்கைப் போட்டு நிற்கும் கார் ஒன்றுக்குச் சுமார் 20 ஆம்பியர் தேவை. ஏசி அல்லது ஹீட்டரின் காற்று விசிறி இந்தக் கணக்கில் சேரவில்லை.

பேட்டரியோ ஏறத்தாழ 80 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், செல்ஃப் எடுப்பதும் சந்தேகம். எனவே கையில் இருப்பது 40. அதை 20 ஆம்பியரால் வகுத்தால் 2 மணி நேரம். இது புதுப் பேட்டரிக்கான காகிதக் கணக்கு. அரிசோனா வெயிலில் இரண்டு கோடை கண்ட பேட்டரியில் ஒரு மணி நேரம் தாங்கினாலே பெரிது. நெடுஞ்சாலையில் ஒரு விபத்தை அளந்து, படம் எடுத்து, இழுவை வண்டி வந்து சேரும் வரை காத்திருப்பதோ அதைவிட நீளமான வேலை.

எல்இடி வந்த பிறகு தேவை குறைந்திருக்க வேண்டுமே?

குறைந்தது. பழைய சுழலும் ஹாலஜன் விளக்குப் பட்டை தனியாகவே 30, 40 ஆம்பியர் தின்னும். அந்தக் காலத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை எரிய விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பேட்டரி டவுன். 2011 செப்டம்பரில் உற்பத்தி நின்ற ஃபோர்டு கிரவுன் விக்டோரியா ஓட்டிப் பழகியவர்களுக்கு 'விளக்கு எரிந்தால் எஞ்சின் ஓடணும்' என்பது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. விளக்கு மாறினாலும் பாடம் மாறவில்லை. புதிதாகச் சேர்கிறவருக்குப் பயிற்சி கொடுப்பவர் அந்தத் தலைமுறைக்காரர் அல்லவா? எல்இடியில் மிச்சமான மின்சாரத்தையும் கேமராக்கள், மோடம், நம்பர் பிளேட் படிக்கும் கருவி என்று புதிதாக வந்தவை விழுங்கிவிட்டன.

அணைத்துவிட்டு, அழைப்பு வந்ததும் செல்ஃப் போட்டால் ஆகாதா? இரண்டு வினாடி வேலைதானே?

எஞ்சினுக்கு இரண்டு வினாடிதான். பிரச்சினை மற்ற கருவிகளில். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் கணத்தில் வோல்ட்டேஜ் 12.6-இலிருந்து 9, 10 வரை சரியும். மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். மோடம், கேமரா, பிரின்டர் போன்றவை சட்டென அணைந்து மறுபடி முதலிலிருந்து எழும். மோடம் நெட்வொர்க்கைப் பிடித்து, பாதுகாப்பு இணைப்பு உருவாகி, கட்டுப்பாட்டு அறையின் திரை மீண்டும் வருவதற்குச் சில நிமிடங்கள் போய்விடும். கத்திக்குத்து என்று 911 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வரும்போது வீட்டு எண்ணும், அந்த வீட்டில் முன்பு ஆயுதம் இருந்ததா என்ற குறிப்பும் அந்தத் திரையில்தான் வர வேண்டும்.

இதற்கு மருந்து உண்டு. கருவிகளின் மின்தொடர்பை எஞ்சினிலிருந்து பிரித்து, ஒரு டைமர் வழியாகக் கொடுத்தால் சாவியைத் திருப்பிய பிறகும் அவை விழித்திருக்கும். அதைப் பொருத்தாத துறைகளில் எஞ்சின்தான் டைமர்.

எஞ்சின் ஓடினால் பேட்டரி இறங்கவே இறங்காதா?

இறங்கும். போலீஸ் வண்டிகளில் 200 ஆம்பியருக்கு மேற்பட்ட ஆல்டர்னேட்டர் போடுகிறார்கள். ஆனால் அந்த எண் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. நிமிடத்துக்கு 650, 700 சுற்றில் ஐட்லிங்கில், அதாவது கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறினால் இன்னும் குறையும். விளக்கு, சைரன், ஏசி விசிறி, ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஒருசேர இழுத்தால் வரவைவிடச் செலவு மிஞ்சும். அதனால்தான் பல வண்டிகளில் வோல்ட்டேஜ் இறங்கியதும் ஐட்லிங்கைத் தானாக 1,000-க்கு மேல் உயர்த்தும் அமைப்பு இருக்கிறது. நிற்கும் போலீஸ் கார் திடீரென்று உறுமினால் யாரும் ஆக்சிலரேட்டரை மிதிக்கவில்லை, இதுதான் நடக்கிறது.

மோப்ப நாய் இருக்கும் வண்டி என்றால்?

அங்கே விவாதமே இல்லை, எஞ்சின் ஓடியாக வேண்டும். மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயரும் என்று 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 30 நிமிடத்திலேயே நடந்துவிடுகிறது. வெளியே இதமாக 22 டிகிரி இருந்த நாளிலும் இதே கதைதான். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

எஞ்சின் ஓடுவதும் போதாது. கம்ப்ரசர் கிளட்ச் விட்டுப்போகலாம், கேஸ் கசியலாம், ரேடியேட்டர் விசிறி நின்று எஞ்சின் சூடாகி ஏசி தன்னை அணைத்துக்கொள்ளலாம், பெட்ரோல் தீர்ந்துபோகலாம். எஞ்சின் ஓடும் சத்தம் கேட்கும், உள்ளே வருவது அனல் காற்றாக இருக்கும். ஆகவே நாய் வண்டிகளில் தனி வெப்ப எச்சரிக்கைக் கருவி வைப்பார்கள். உள்வெப்பம் 30 டிகிரியை ஒட்டிக் குறித்து வைத்த அளவைத் தாண்டினால் ஹாரன் அடிக்கும், பின் கண்ணாடிகள் இறங்கும், விசிறி ஓடும், அதிகாரியின் இடுப்பில் உள்ள கருவி அதிரும். சிலவற்றில் கதவே திறந்துகொள்ளும்.

இதை வாரம் ஒரு முறை சோதிக்க வேண்டும். நாயை இறக்கிவிட்டு, ஏசியை அணைத்து, உணரியைக் கையால் அல்லது தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி, ஹாரன், கண்ணாடி, விசிறி, இடுப்புக் கருவி நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'தொந்தரவாக அடிக்கிறது' என்று யாரோ அணைத்து வைத்த சுவிட்ச்தான் பல சோகங்களின் ஆரம்பம். இன்னொன்று: எரிபொருள் சிக்கனத்துக்காக எஞ்சினைத் தானாக அணைக்கும் கருவியை நாய் வண்டியில் பொருத்தவே கூடாது.

ஆள் மட்டும் இருக்கும் வண்டியில் ஏசி, ஹீட்டர் அவ்வளவு அவசியமா?

குண்டு துளைக்காத கவசம் மார்பையும் முதுகையும் இறுகக் கட்டியிருக்கும். அதற்கு மேல் சட்டை, இடுப்பில் கனமான பெல்ட். அந்த உடையில் 38 டிகிரி வெயிலில் நின்று போக்குவரத்தைத் திருப்பியவர் ஐந்து நிமிடம் காரில் ஒதுங்கினால் அந்த ஐந்து நிமிடத்தில் உடல் குளிர வேண்டும். இது சொகுசு இல்லை.

பலரும் நினைக்காத விஷயம் டிக்கியில் இருக்கிறது. போதை மருந்து அளவு மீறியவரை மீட்கும் நலாக்சோன் மூக்குத் தெளிப்பானைச் சாதாரணமாக 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், தற்காலிகமாக 40 வரை பொறுக்கும். மினசோட்டா ஜனவரியில் அது உறைந்துபோகும், டெக்சாஸ் ஆகஸ்டில் டிக்கி அதற்கு அடுப்பு. இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியின் பசைப் பட்டைகளும் வெப்பத்தில் காய்ந்துபோகும். என்றாலும் இதற்காக எஞ்சினை ஓட்டுவது வீண் செலவு. காப்புறை கொண்ட சிறு பையில் போட்டு, இறங்கும்போது கையில் எடுத்துப் போவதே மலிவு.

சாவியை விட்டுவிட்டு இறங்கினால் காரை யாராவது ஓட்டிப் போய்விட மாட்டார்களா?

போயிருக்கிறார்கள். அதில் துப்பாக்கியும் இருந்திருக்கிறது. அதற்காகத்தான் எஞ்சின் ஓட ஓடச் சாவியை எடுத்துக்கொள்ளும் வசதி போலீஸ் வண்டிகளில் வருகிறது. கியரைப் பார்க்கில் வைத்து, அதற்கான பட்டனை அழுத்தி, சாவியோடு இறங்கி, கதவைப் பூட்ட வேண்டும். சாவி இல்லாமல் யாராவது பிரேக்கை மிதித்தாலோ கியரை நகர்த்தினாலோ எஞ்சின் நின்றுவிடும். பிரிட்டனிலும் போலீஸ் வண்டிகளில் இதே ஏற்பாடு உண்டு.

தவறு நடப்பது பெரும்பாலும் கருவியில் இல்லை. ஓடிப்போகிறவனைத் துரத்த இறங்கும்போது பட்டனை அழுத்த யாருக்கும் தோன்றுவதில்லை. விலங்கிட்டுப் பின்சீட்டில் உட்காரவைத்தவர் கையை முன்னால் கொண்டுவந்து, நடுத் தடுப்பின் நகரும் ஜன்னல் வழியாக நுழைந்து ஓட்டிப்போவது இன்னொரு வகை. ஆளை ஏற்றியதும் அந்த ஜன்னலைப் பூட்டுவது ஒரு வினாடி வேலை.

எவ்வளவு எரிபொருள் வீணாகிறது?

4.6 லிட்டர் எஞ்சின் கொண்ட பெரிய கார் ஒன்று, ஏசி போன்ற சுமை எதுவும் இல்லாமல் நின்றால் மணிக்கு 0.39 கேலன், அதாவது ஒன்றரை லிட்டர் குடிக்கிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் அட்டவணை. ஃபோர்டு நிறுவனம் தன் போலீஸ் வண்டிகளுக்கான கணக்கில் 8 மணி நேர ஷிஃப்டில் 4.9 மணி நேரம் ஐட்லிங் என்று எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட், ஆண்டு முழுவதும் என்றால் 0.39 × 4.9 × 2 × 365. கிட்டத்தட்ட 1,400 கேலன், சுமார் 5,300 லிட்டர். ஒரே காரில். ஏசி போட்டால் இன்னும் மேலே.

எஞ்சினுக்குக் கெடுதலா?

நிச்சயம். மெதுவாகச் சுற்றும்போது ஆயில் அழுத்தம் குறைவு, எரிதல் முழுமையாக நடப்பதில்லை. எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி ஏறும், நேரடி எரிபொருள் தெளிப்பு எஞ்சின்களில் வால்வின் பின்புறம் கரி படியும். கார் ஓடாததால் முன்காற்று கிடையாது. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் வேலை முழுக்க மின்விசிறியின் பொறுப்பு, எனவே அந்த விசிறி மோட்டாரும் சீக்கிரம் போகும்.

இதில் ஏமாற்றுவது ஓடோமீட்டர். ஒரு மணி நேர ஐட்லிங்கை 33 மைல் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஃபோர்டு. 5,000 மைலுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிற துறை என்றால், ஐட்லிங் மட்டுமே 150 மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மேலே சொன்ன இரண்டு ஷிஃப்ட் காருக்கு அது 15 நாள்! மைலைப் பார்த்து ஆயில் மாற்றுகிற பணிமனை தன் வண்டிகளைத் தானே கொல்கிறது. மணிக்கணக்கைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஏலத்தில் பழைய போலீஸ் கார் வாங்கலாமா?

விலை ஆசை காட்டும். டயல் பலகையின் மெனுவில் எஞ்சின் மணி, ஐட்லிங் மணி இரண்டும் தனித்தனியாக இருக்கும், சாவியைப் போட்டு அதைப் பாருங்கள். 60,000 மைல், ஐட்லிங் 3,000 மணி என்றால், 3,000 × 33 = 99,000. எஞ்சினின் உண்மை வயது 1,59,000 மைல். ஆயில் குச்சியை இழுத்து பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று முகருங்கள், ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் பேச்சை மட்டும் நம்பாமல், ஏசியைப் போட்டு 20 நிமிடம் நிற்க வைத்து வெப்ப முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். விளக்குப் பட்டையைக் கழற்றிய ஓட்டைகளையும் தேடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

நின்ற காரில் புகை உள்ளே வருமா?

வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. 2017 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரக் காவல்துறை இந்த அச்சத்தால் ஏறத்தாழ 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகளை ஒரேயடியாக ஒதுக்கி நிறுத்தியது. விளக்கும் ரேடியோவும் பொருத்தும்போது பின்பக்கம் துளைத்துவிட்டு அடைக்காமல் விட்ட ஓட்டைகளே காரணம் என்று நிறுவனம் கூறி, இலவசமாக அடைத்துக் கொடுத்தது. மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் தொடங்கிய விசாரணை 2023 ஜனவரியில், வண்டிகளைத் திரும்பப் பெறும் ஆணை இல்லாமல் முடிந்தது.

நடைமுறையில்: துளைக்கும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ரப்பர் வளையம் போட்டு சீலன்ட் பூச வேண்டும், பின்கதவு ரப்பரைப் பார்க்க வேண்டும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை உள்ளே மாட்ட வேண்டும். பனிப்பொழிவில் இறங்கிச் சைலன்சர் குழாய் வாயைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட விட வேண்டும். காய்ந்த புல்மேல் நிறுத்தி ஐட்லிங் விடவே கூடாது. காரின் அடியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூட்டில் புல் பற்றினால் கார் மிஞ்சாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூயார்க் நகரில் 3 நிமிடத்துக்கு மேல், பள்ளி வாசலில் 1 நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட விடக் கூடாது. அவசரகால வண்டிகளுக்கு விலக்கு. மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே போக்கு. பல மாநில விதிகள் கனரக டீசல் வண்டிகளை மட்டுமே குறிவைக்கின்றன. பிரிட்டனில் ஆளில்லாமல் எஞ்சினை ஓட விடுவதை 1986-இன் வாகன விதிகள் தடுக்கின்றன, போலீஸ் பணிக்கு அங்கேயும் விலக்கு. சாப்பாட்டுக்கு நிறுத்துவது பணியா என்பதை விதி சொல்லவில்லை. அதைத் துறையின் உள்ளுத்தரவுதான் சொல்ல வேண்டும்.

ஹைப்ரிட் வந்தால் பிரச்சினை தீருமா?

பெருமளவு. 2020 மாடலிலிருந்து ஃபோர்டின் எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டிக்கு 3.3 லிட்டர் ஹைப்ரிட்டே அடிப்படை எஞ்சின். அதன் 1.5 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி, எஞ்சின் அணைந்த நிலையிலும் கணினிக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரும். அந்தப் பேட்டரியில் சார்ஜ் இறங்கியதும் எஞ்சின் தானாக எழுந்து கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றி மறுபடி தூங்கும். சான்றிதழ்க் கணக்கில் கேலனுக்கு 17 மைல் தந்த பழைய 3.7 லிட்டர் வண்டிக்குப் பதிலாக இது 24 மைல் தருகிறது. அந்தச் சோதனையில் ஐட்லிங் பகுதி மிகச் சிறிது என்பதால், நின்றே காலம் கழிக்கும் ரோந்து வண்டிக்கு மிச்சம் இன்னும் கூடுதல்.

ஒரு புதுத் தொல்லையும் கூட வந்தது. சத்தமில்லாததால் 'அணைத்துவிட்டோம்' என்று நினைத்து இறங்கிப் போகிறார்கள். மூடிய கொட்டகையில் அது பிறகு தானாக எழுந்து புகைவிடும்.

முழு மின்சாரக் கார்?

ஐட்லிங் என்ற சொல்லே அங்கே இல்லை. கலிஃபோர்னியாவின் சவுத் பாசடேனா 2024-இல் தன் காவல்துறைக்கு 20 டெஸ்லா கார்களை இறக்கியது. ஏசியும் கருவிகளும் சேர்ந்து 2 கிலோவாட் இழுத்தாலும், 5 மணி நேரத்துக்கு 10 கிலோவாட்-மணி. 75 கிலோவாட்-மணி கொண்ட பேட்டரிக்கு அது பெரிய பாரமில்லை. கடுங்குளிரில் ஹீட்டர் இதைவிட அதிகம் இழுக்கும் என்பதால் வடக்கு மாநிலங்கள் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். ஷிஃப்ட் மாறும் இடைவெளியில் சார்ஜ் ஏற்ற நேரம் கிடைக்கிறதா என்பதும் இங்கே முக்கியம்.

இருக்கிற பெட்ரோல் வண்டிகளிலேயே ஐட்லிங்கைக் குறைக்க என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு வண்டியின் ஐட்லிங் மணியையும் மாதாமாதம் எழுதி வைத்தால், ஒரே பகுதியில் ஒரே ஷிஃப்டில் ஓடும் இரண்டு கார்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் கண்ணில் படும். அந்த வித்தியாசம்தான் பழக்கம்.

அடுத்தது டைமர். கருவிகளுக்கு அணைத்த பிறகு 30 முதல் 60 நிமிடம் மின்சாரம் கிடைக்கட்டும். வோல்ட்டேஜ் 12-க்குக் கீழே இறங்கினால் தானாகத் துண்டிக்கட்டும். பலர் இதை 11.5-இல் வைக்கிறார்கள். அந்த அளவுக்கு இறங்கிய பேட்டரியில் செல்ஃபுக்கு மிச்சம் இருக்காது. இரண்டு வண்டி நடுரோட்டில் நின்றால் போதும், 'எஞ்சினை அணைக்காதே' என்ற பழைய வேதம் திரும்ப வந்துவிடும். வசதி இருந்தால் கருவிகளுக்கென்று டிக்கியில் தனி லித்தியம் பேட்டரி. ஸ்டார்ட்டர் பேட்டரியை அது தொடவே கூடாது.

கடைசியில் உத்தரவு. அறிக்கை எழுத, சாப்பிட, நீதிமன்றத்துக்குப் போக நிறுத்தினால் அணைக்க வேண்டும் என்று இடங்களைப் பெயர் சொல்லி எழுதினால் நடக்கும். 'தேவையின்றி ஓட விடாதீர்' என்றால் எல்லாமே தேவைதான்.

என் வீட்டு வாசலில் நின்றால் நான் சொல்லலாமா?

தாராளமாக. விளக்கு எரிந்தாலோ பின்பக்கம் நாய் எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்தாலோ விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதிகாரியிடமே நேராக, புகை வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளி நிறுத்துவார். தினமும் நடந்தால் 911 வேண்டாம், காவல்துறையின் அவசரமற்ற எண்ணையோ, 311 என்ற நகரச் சேவை எண் இருக்கும் ஊரில் அதையோ அழையுங்கள். காரின் பக்கவாட்டில் எழுதிய வண்டி எண், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பது மட்டும் போதும். வண்டி இருப்பிடப் பதிவோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்களுக்குச் சுலபம்.